ராஜவேல் சொன்ன மழை

காபோன் என்று ஒரு நாடு இருப்பதே, டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் பாதிப் பேருக்கு ஜெயலட்சுமி சொல்லித்தான் தெரியும். ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில் பூமத்திய ரேகை மேலேயே உட்கார்ந்திருக்கிற நாடு, பெரும்பகுதி காடு. அவளும் அங்கே போனதில்லை. உசிலம்பட்டியிலிருந்து டெல்லிக்கு வரும் ரயில் பாதையை விட்டு அப்படி இப்படி அவள் விலகியதே கிடையாது. ஆனால் அந்த நாட்டு மழையைப் பற்றி யாராவது வாயைத் திறந்துவிட்டால் போதும், அடுப்பில் வைத்ததை மறந்து பேசுவாள்.

அங்கே மழை சொட்டுச் சொட்டாக விழாதாம். கயிறு கயிறாக இறங்குமாம். தோல் செருப்பைக் கட்டிலுக்கடியில் விட்டுவைத்தால் பச்சைப் பாசி பூத்துவிடுமாம். ஜாடியில் போட்ட உப்பு தண்ணீராகி நிற்குமாம். தகரக் கூரைக்குக் கீழே மழை நேரத்தில் பக்கத்தில் இருப்பவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டுமாம். ஆபீஸ் போகிற சார்ட்டர்ட் பஸ்ஸில் தமிழ்ப் பெண்களுக்குத் தமிழில் சொன்னாள். குளிர்காலத்தில் ஆபீஸ் புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டு ஸ்வெட்டர் பின்னும் பஞ்சாபிப் பெண்களுக்கு அதே மழையை இந்தியில் சொன்னாள். அவர்களும் ஊசியை நிறுத்திவிட்டு, "அச்சா!" என்று கேட்டுக்கொண்டார்கள்.

இத்தனையும் அவளுக்கு அவள் புருஷன் ராஜவேல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போனில் சொன்னது. ராஜவேல் காரியாபட்டிப் பக்கத்துக்காரர். மின்கோபுரம் நட்டுக் கம்பி இழுக்கிற ஒரு பொதுத்துறைக் கம்பெனியில் என்ஜினியர். பேச்சுக்குப் பஞ்சம் பிடித்த மனிதர். குழம்பில் உப்புக் குறைந்தால்கூட அதைச் சொல்ல மாட்டார், உப்பு ஜாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார், அதுதான் புகார். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் அவர் தொடர்ந்து நாலு வாக்கியம் பேசி ஜெயலட்சுமி கேட்டது, கல்யாண வீடுகளில் பந்தி சரியில்லை என்று மற்றவர்களிடம் சொன்னபோதுதான்.

அப்படிப்பட்டவரைக் கம்பெனி காபோனுக்கு அனுப்பியது. போய்ச் சேர்ந்த முதல் மாதத்தில், வழக்கமில்லாமல் ஒரு புதன்கிழமை ஆபீஸ் நேரத்தில் போன் வந்தது. ஜெயலட்சுமி பதறிப்போய் ஃபைல் அலமாரிகளுக்கு நடுவே நின்று எடுத்தாள்.

"ஜெயா, மழ. நான் சின்னப் பிள்ளையில இருந்து பாத்ததெல்லாம் மழயே இல்ல. எனக்குப் பயமாக் கெடக்கு, ஆனா உள்ள போக மனசு வரல."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனை வெளியே நீட்டிப் பிடித்தார். ஒரே இரைச்சல். ஜெயலட்சுமி அந்த இரைச்சலை, பக்கத்து மேஜைக்காரி ஜாடை காட்டிக் கூப்பிடும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். தனக்குப் பயமாக இருக்கிறது என்று அந்த மனிதர் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த மழை நிஜம். அதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ராஜவேலுக்குச் செய்கிற அநியாயம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மழைக்கதைதான். கோபுரம் நட்ட குழி ராத்திரியோடு குளமானது, லாரி சேற்றில் இறங்கி ஆட்கள் அதைத் தோண்டி எடுத்தது, தவளை பூட்ஸுக்குள் குடியிருந்தது. ஜெயலட்சுமி ஞாயிறு சமையலைச் சனிக்கிழமையே பாதி முடித்து வைத்துவிட்டு, போனும் கையுமாகப் பால்கனியில் உட்கார்ந்துவிடுவாள். வயதுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு இதென்ன கூத்து என்று அவளுக்கே கூச்சமாக இருக்கும். ஆனாலும் விடவில்லை. நாற்பத்தைந்து வயதில் தன் புருஷன் மேல் அவளுக்கு ஆசை வந்திருந்தது. அதுவும் நாலாயிரம் மைலுக்கு மேல் தள்ளி இருக்கிற புருஷன் மேல்.

போகும்போது ராஜவேல் சொல்லிவிட்டுப் போனது இது: முதலில் நான் போய் வீடு பார்க்கிறேன், பிறகு உன்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். அரசாங்க வேலையில் இருக்கிற பெண்களுக்குப் புருஷன் வெளிநாட்டில் இருந்தால் சம்பளமில்லா நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ச் சேர வழி உண்டு. ஜெயலட்சுமி அதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். மகள் பிரியதர்ஷினியின் பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும் என்றார், சரி. அது முடிந்து பெண் கல்லூரியில் சேர்ந்தாள், ஹாஸ்டலுக்கும் ஏற்பாடாயிற்று. அதற்குப் பிறகு மழைதான் குறுக்கே நின்றது. ரோடு அடித்துக்கொண்டு போய்விட்டது, பாலம் போய்விட்டது, காய்ச்சல் பரவுகிறது, மழை விடட்டும் ஜெயா. எப்போதெல்லாம் அவள் இந்தப் பேச்சை எடுத்தாளோ அப்போதெல்லாம் அங்கே மழை வலுத்தது. "கேக்கல, அப்பறம் பேசுறேன்" என்று லைன் போய்விடும். முகத்தைப் பார்த்துப் பேசலாமென்றால் மழையில் டவர் எடுக்காது.

பாவம், அந்தக் காட்டில் தனியாகக் கிடந்து அல்லாடுகிறார் என்றுதான் ஜெயலட்சுமி நினைத்தாள். ஊரிலிருந்து பருப்புப்பொடி வரவழைத்து, ஈரம் ஏறாமல் கவர் மேல் கவராகச் சுற்றி, அந்தப் பக்கம் போகிற ஆட்களிடம் கொடுத்துவிட்டாள். கறுப்புத் துணியில் கனமான குடை ஒன்று, கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு, சட்டையில் பூஞ்சைக்கறை போக்க ஒரு பவுடர். எல்லாம் கிடைத்தது என்று அவரும் தவறாமல் சொன்னார்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பதவி உயர்வு வந்தது.

ஜெயலட்சுமி இருபத்திரண்டு வயதில் மத்திய அரசுத் தேர்வு எழுதித் தேறி, இந்தியில் ஏக் தோ தீனுக்கு மேல் தெரியாமல் டெல்லிக்கு வந்து இறங்கியவள். வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் கோதுமையைத் தின்று வயிறு கெட்டு, அப்புறம் அந்த வயிறே கோதுமைக்குப் பழகி, இந்தியில் சண்டை போடவும் கற்றுக்கொண்டவள். ஆபீஸில் அவள் எழுதுகிற குறிப்பு என்றால் மேலே ஒரு வார்த்தை திருத்தம் இருக்காது. ஆனால் அதன் கீழே கையெழுத்து யாரோ ஒருவருடையது. சூப்பரின்டெண்டென்ட் ஆகிவிட்டால் கையெழுத்து அவளுடையது. தனியாக ஒரு அறை, அவள் பெயர் போட்ட பலகை, கீழே ஒரு செக்‌ஷன். அவளுக்கு அந்த நாற்காலி மேல் ஆசை இருந்தது, அதை அவள் ஒளித்ததும் இல்லை. போன வருஷம் ஜூலையில் அந்த நாற்காலி அவள் பெயருக்கு வந்தது. வந்த இடம் சென்னை.

டெல்லி ஆபீஸ்களில் இருக்கிற தமிழர்களுக்குச் சென்னை மாறுதல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சிபாரிசு பிடித்து, மந்திரிகள் வீட்டு வாசலில் நின்று, பெற்றவர்களுக்கு இல்லாத வியாதியெல்லாம் இருப்பதாக எழுதிக் கொடுத்தும் கிடைக்காதது. அது தானாக நடந்து வந்து அவள் மேஜை முன் நின்றது. போகிறாயா இல்லையா என்று வாரக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் ஒரு வருஷத்துக்கு மறுபடி பட்டியலில் பெயர் வராது. இடமும் அடுத்தவருக்குப் போய்விடும்.

அன்றைக்கு டெல்லியில் பேய்மழை. ஐந்து மணிக்கு ஆபீஸ் போர்ட்டிகோவில் கூட்டமாக நின்றார்கள். ரோடு ஆறாக ஓடியது. பஸ் ஒன்று பாதி மூழ்கி நிற்க, ஜன்னல் வழியாக ஆட்கள் இறங்கினார்கள். ஜெயலட்சுமி புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, ஹேண்ட்பேக்கைத் தலைமேல் வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கி நடந்து, ஒரு ஏ.டி.எம். அறையின் படியில் ஏறி நின்று ராஜவேலுக்கு போன் போட்டாள். உடம்பெல்லாம் சொட்டியது. விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கமும் சோவென்று இரைச்சல்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, இங்கிட்டும் மழ" என்றாள்.

"ஒங்க ஊரு மழயெல்லாம் ஒரு மழயா" என்று சிரித்தார் ராஜவேல். பிறகு சொன்னார்: "வேணாம்னு எழுதிக் குடுத்துரு ஜெயா. நீ சென்னையில போயி ஒக்காந்துட்டா, சேந்த ஒடனே லீவு தர மாட்டான். அக்டோபர்ல மழ விட்ரும். நீ இங்கிட்டு வந்துருவ."

அக்டோபர் என்று மாதத்தின் பெயரையே சொல்லிவிட்டார். ஜெயலட்சுமிக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டாள். மேலதிகாரி நல்ல மனுஷி, வங்காளத்துக்காரி, ஜ்யோத்ஸ்னா என்று பெயர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு நாள் யோசியேன் என்றாள். ஜெயலட்சுமி யோசிக்கவில்லை. சென்னை இடம் அவளுக்கு அடுத்து இருந்த ஜெயபாலுக்குப் போயிற்று. அவர் ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்து, உங்கள் புண்ணியம் மேடம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மைசூர்பாகை எல்லோருக்கும் எடுத்து நீட்டியதும் ஜெயலட்சுமிதான்.

அக்டோபர் வந்தது. விடுப்புக்கும் பாஸ்போர்ட்டுக்கான தடையில்லாச் சான்றுக்கும் எழுதிப்போட்டு, பிரியதர்ஷினியின் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்தவளிடம் ராஜவேல், "இப்பத்தான் ஜெயா பெரிய மழயே ஆரம்பிக்குது" என்றார். கட்டிய பெட்டிகளை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைத்தாள். இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்றால் ஜூலையில் பெய்தது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த ஊரில் வருஷம் முழுக்க மழை என்று அவள்தானே புல்வெளியில் உட்கார்ந்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்!

தை மாதத்தில் ஜனக்புரியில் பொங்கல் விழா. ராஜவேலின் கம்பெனியில் வேலை பார்ப்பவரின் மனைவி சுஜாதா அங்கே வந்திருந்தாள். அவள் புருஷனும் அதே காபோன் வேலையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். இரண்டு பேரும் பொங்கல் தட்டோடு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எதிரே இருந்த அம்மாள் ஒருத்தி கேட்டாள் என்று ஜெயலட்சுமி தன் மழையை ஆரம்பித்தாள். சுஜாதா ரசித்துக் கேட்டாள். அப்புறம் சாதாரணமாகச் சொன்னாள், நான் போயிருந்தபோது ஒரு மழைகூடப் பார்க்கவில்லையே என்று.

நீ எப்போது போனாய் என்று ஜெயலட்சுமி கேட்டாள். போன வருஷம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் அங்கேதான் இருந்தாளாம். குடும்பத்தை அழைத்துக்கொள்ள கம்பெனியே வீடு கொடுக்கிறதாம், நல்ல வீடாம்.

"அந்த மூணு மாசமும் அங்க மழையே கிடையாதுங்க. மேகம் மூடிட்டு இருக்கும், ஆனா ஒரு சொட்டு விழாது. ஆத்துல மணல் தெரியும். கொண்டு போன குடையை அப்படியே திருப்பிக் கொண்டு வந்தேன்" என்றாள் சுஜாதா.

ஜெயலட்சுமியின் வாய் அவளைக் கேட்காமலேயே பதில் சொல்லிவிட்டது. நீ இருந்தது தலைநகரில், அவர் இருப்பது காட்டுக்குள்ளே, அங்கே வானிலையே வேறு என்று விளக்கினாள். எதிரே இருந்த அம்மாளும் தலையாட்டினாள். சுஜாதா ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு, இருக்கும் இருக்கும் என்று கரும்பை எடுத்துக் கடித்தாள். புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசிவிட்டோம் என்கிற நிம்மதி மெட்ரோவில் இரண்டு ஸ்டேஷன்கூட நிற்கவில்லை. ஜூலையில் அந்த ஏ.டி.எம். படியில் நனைந்துகொண்டு கேட்ட இரைச்சல் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம், காபோனில் எந்தெந்த மாதம் மழை என்று உன் போனில் பார்த்துச் சொல்லு என்றாள். பிரியதர்ஷினி போனை எடுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெல்லியில் பிறந்த பெண், தமிழில் மனதைத் திறந்து பேச அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

"நான் எப்பவோ செக் பண்ணிட்டேன்மா. நீ சென்னை வேணாம்னு சொன்னேல்ல, அதுக்கு அடுத்த நாளே. ஜூன்ல இருந்து செப்டம்பர் தக்... வரைக்கும் அங்க மழை கிடையாது."

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"எழுதிக் குடுத்துட்டு வந்து, நீ எவ்ளோ குஷியா இருந்த."

ஜெயலட்சுமிக்கு மகளை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலவும், கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. போய்ப் பால் காய்ச்சினாள்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. ராஜவேல் போன் செய்தார். பின்னால் மழை பெய்தது. ஜெயலட்சுமி கேட்டுக்கொண்டாள். அப்போது அங்கே நிஜமாகவே மழைக்காலம், அதுதான் கொடுமை. எது வானத்திலிருந்து விழுகிறது, எது அவர் வாயிலிருந்து விழுகிறது என்று பிரிக்க அவளுக்கு வழியில்லை. நேரடியாகக் கேட்டுவிடலாம்தான். கேட்டால் லைன் போய்விடும். மே மாதம் லீவில் வருகிறார், ஆளை எதிரே உட்காரவைத்துக் கேட்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒருவேளை வீடு சரியாக இருக்காது, சொல்ல வெட்கப்படுகிறார், ஒருவேளை உடம்புக்கு ஏதாவது இருக்கும் என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டாள். புல்வெளியில் மட்டும் மழையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். பஞ்சாபிப் பெண்கள் விசாரித்தபோது, அங்கே இப்போது வெயில் என்றாள்.

மே மாதம் ராஜவேல் வந்து இறங்கினார். சேற்றிலும் பூஞ்சையிலும் அல்லாடிய மனிதனுக்கு உரிய எந்த அடையாளமும் இல்லை. கன்னம் உப்பி, தலைக்கு மை பூசி, தளதளவென்று இருந்தார். டெல்லி அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்தால் வெந்நீர். அதுவும் காலையில் கொஞ்ச நேரம் வருவதுதான், மாடித் தொட்டியில் ஏறியதை வைத்து நாள் முழுவதையும் ஓட்ட வேண்டும். குடியிருப்பில் எல்லோரும் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஓரிரு நாள் அவரை விட்டுவிட்டு, பிறகு ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் ஜெயலட்சுமி எதிரே உட்கார்ந்தாள். ஜூலையோடு அவளுடைய ஒரு வருஷத் தடை முடிகிறது, புதுப் பட்டியலில் பெயர் வருகிறது. இந்தத் தடவை சென்னை இல்லை. சென்னையில் ஜெயபால் பலகை மாட்டி உட்கார்ந்திருக்கிறார். மிச்சமிருப்பது அஸ்ஸாமில் குவாஹாத்திதான். போகிறாயா என்று ஜ்யோத்ஸ்னா மேடம் முன்கூட்டியே கேட்டுவிட்டாள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒன்று நான் உங்களோடு வருகிறேன், இல்லை நீங்கள் இங்கே திரும்பி வாருங்கள், இரண்டும் இல்லையென்றால் நான் குவாஹாத்தி போகிறேன், எது என்று இப்போதே சொல்லுங்கள் என்றாள்.

இந்த ஒரு மழை சீசன் போகட்டும் என்றார் ராஜவேல்.

ஜூன் மாதத்தில் அங்கே மழை இல்லை என்று சுஜாதா சொன்னாளே என்று ஜெயலட்சுமி கேட்டாள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். ராஜவேல் கண் கூட இமைக்கவில்லை.

"அவளுக்கு என்ன தெரியும். அவ இருந்தது டவுன்ல. நான் இருக்குறது காட்டுக்குள்ள."

பொங்கல் தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்ன அதே பதில். அவரைக் காப்பாற்ற அவள் அவசரத்தில் கட்டிய பொய்யும், அவர் கைவசம் வைத்திருந்த பொய்யும் ஒரே மாதிரி இருந்தன. ஜெயலட்சுமிக்கு உடம்பு கூசியது. அவர் எழுந்து, வெக்கை தாங்கவில்லை, ஒரு குளியல் போட்டுவிட்டு வருகிறேன் என்று துண்டோடு பாத்ரூமுக்குப் போனார். வந்ததிலிருந்து இதே நேரத்துக்கு இதே குளியல்தான்.

அந்த வீட்டில் வாளியும் மக்கும்தான் புழக்கம். மேலே ஷவர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. இப்போது அந்த ஷவர் திறந்துகொள்ளும் சத்தம் கேட்டது. தண்ணீர் பிளாஸ்டிக்கின் மேல் விழுகிற சத்தம். வாளி நிறைகிற சத்தம் இல்லை அது, கவிழ்த்துப் போட்ட வாளியின் முதுகில் தண்ணீர் அறைகிற சத்தம். தொட்டியில் இருப்பதே கொஞ்சம், அதையும் இப்படிக் கொட்டுகிறாரே என்று சொல்லத்தான் ஜெயலட்சுமி எழுந்து போனாள். கதவருகே போனதும் கால் நின்றுவிட்டது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காதில் வைத்துக் கேட்ட சத்தம்.

"வெரி ஹெவி ரெயின் ஹியர்" என்று உள்ளே ராஜவேல் சொல்லிக்கொண்டிருந்தார். "டெல்லி ரெயின். ஐ காண்ட் ஹியர் யூ. ஆஃப்டர் த ரெயின், ஐ கம்."

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்க வேண்டும், நனையாமல் எங்கோ உயரத்தில் வைத்திருந்தார். ஒரு பெண்ணின் குரல் தண்ணீருக்கு மேலே ஏறி வந்தது. பாதி பிரெஞ்சு, பாதி உடைந்த ஆங்கிலம். என்ன கேட்கிறாள் என்பது ஜெயலட்சுமிக்குப் புரியவில்லை, எப்படிக் கேட்கிறாள் என்பது புரிந்தது. எப்போது வருவாய் என்பதை எந்தப் பாஷையில் கேட்டாலும் அப்படித்தான் கேட்க முடியும். டெல்லியில் மழை என்றால் அந்தப் பெண்ணும் நம்பி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லுவாள். அவளும் தன் ஊரில் நாலு பேரிடம் டெல்லி மழையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஜெயலட்சுமிக்கு அந்தப் பெண்ணின் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது முழுக்க வேறொரு இடத்துக்குப் போயிற்று. சென்னை நாற்காலி போனதுகூட அந்த நேரம் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு புதன்கிழமை ஃபைல் அலமாரிகளுக்கு நடுவே நின்று சந்தோஷப்பட்ட தன்னை நினைத்துத்தான் வயிறு எரிந்தது.

பால்கனிக்குப் போனாள். மாடித் தொட்டியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் குழாயில் சுவரோரம் ஒரு வால்வு உண்டு. வெயிலில் அது நெருப்பாகக் கிடந்தது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருப்பினாள். துருவேறி இறுகியிருந்தது, இரண்டு கையாலும் முக்கித் திருப்பினாள். உள்ளே இரைச்சல் மெலிந்தது. கொஞ்ச நேரம் தூறலாக விழுந்தது. பிறகு அதுவும் நின்றது. வீடு அமைதியானது.

ஜெயலட்சுமி திரும்பி வந்து பாத்ரூம் கதவை இரண்டு விரலால் தட்டினாள்.

"மழ விட்ருச்சுங்க. இப்ப நல்லாக் கேக்கும். அந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்லுங்க, பாவம். எனக்குச் சொல்ல வேணாம். நான் குவாஹாத்தி போறேன்னு நாளைக்கு எழுதிக் குடுத்துர்றேன்."

உள்ளே ஷவர் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் மட்டும் அத்தனை தூரத்திலிருந்து, திடீரென்று எல்லாம் தெளிவாகக் கேட்கிற ஆச்சரியத்தில், "அலோ? அலோ?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.